கேரமாண்ட் இட்டாலிக்: அடையாளம் காண்பது முதல் அச்சுக்கு அனுப்புவது வரை

ஆங்கிலப் புத்தகத்துக்கோ இருமொழி மலருக்கோ பக்கம் அமைக்கும்போது சாய்வெழுத்து எங்காவது ஓரிடத்தில் வந்தே தீரும். ஒரு நூலின் பெயர், ஒரு செடியின் அறிவியல் பெயர், முன்பக்கத்தில் ஒரு கவிதை வரி, அழைப்பிதழில் மணமக்கள் பெயர். சொல்லைத் தேர்ந்தெடுத்து இட்டாலிக் பொத்தானை அழுத்துகிறோம், எழுத்து சாய்கிறது, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். உண்மையில் நல்ல சாய்வெழுத்துக்குத் தனி உருவமும் தனி நடையும் உண்டு. வேகமாக எழுதிய ஒரு கையெழுத்திலிருந்து பிறந்தது அது. அதைப் புரிந்துகொண்டு கையாண்டால் பக்கத்தின் முகமே மாறிவிடும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கேரமாண்ட் இட்டாலிக்கை. செரிஃப் எழுத்துருக்களில், அதாவது கோடு முடியும் இடத்தில் சின்னப் பாதம் வைத்த எழுத்துருக்களில், இதைவிட அழகான சாய்வெழுத்தை நான் பார்த்ததில்லை. இதன் நல்ல மறுவடிவம் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம்.

முதல் படி: எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாய்வெழுத்து அச்சுக்கு வந்தது வெனிஸ் நகரத்தில். அங்கே ஆல்டஸ் மனூடியஸ் என்ற பதிப்பாளருக்கு பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் எழுத்து செதுக்கிக் கொடுத்தார். எஃகுக் கம்பியின் முனையில் ஓர் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்புத் துண்டில் அடித்துக் குழியாக்கி, அந்தக் குழியில் ஈயக் கலவையை வார்த்தால் அச்செழுத்து. கிரிஃபோ அப்படிச் செதுக்கிய சாய்வெழுத்து 1500-இல் ஒரு மரச்செதுக்குப் படத்துக்குள் சில சொற்களாக மட்டும் தலைகாட்டியது. 1501-இல் லத்தீன் கவி வெர்ஜிலின் நூல், கைக்கு அடக்கமான சின்ன அளவில், முழுக்க முழுக்க அதிலேயே அச்சானது.

அன்றைய இத்தாலியக் கல்வியாளர்களின் வேகமான கையெழுத்துதான் அதற்கு மாதிரி. பேனாவை அதிகம் தூக்காமல் எழுதினால் எழுத்து தானாகவே சாயும், ஒடுங்கும், பக்கத்து எழுத்தோடு கைகோக்கும். அந்த முதல் சாய்வெழுத்தில் பெரிய எழுத்துகள், அதாவது கேப்பிடல் எழுத்துகள், சாயவே இல்லை. குட்டியாக, நேராக நின்றன. ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் வேலையும் அப்போது அதற்கு இல்லை. நூல் முழுவதையும் சுமக்க வந்த எழுத்து அது. நேரெழுத்துக்குத் துணையாக நிற்கும் பழக்கம் பின்னால் வந்தது. வெனிஸ் அரசு தனியுரிமை கொடுத்திருந்தும் பிரான்ஸின் லியோன் நகரத்து அச்சகங்கள் அதை நகலெடுத்தன. 1503-இல் ஆல்டஸ் அந்த நகல் நூல்களில் இருந்த பிழைகளைப் பட்டியல் போட்டு ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்.

அப்புறம் கதை பிரான்ஸுக்கு நகர்கிறது. 1561-இல் இறந்த குளோட் காரமோன்தான் நாம் ஆங்கில வழக்கில் கேரமாண்ட் என்று சொல்பவர். அவருடைய பெயர் நிற்பது நேரெழுத்தால். இன்று நல்ல கேரமாண்ட் எழுத்துருக்களில் இருக்கும் சாய்வெழுத்து பெரும்பாலும் வேறொருவருடைய கைவேலையைப் பின்பற்றியது. அவர் ரொபேர் கிரான்ஜோன். பாரிஸ், லியோன், ஆண்ட்வெர்ப், ரோம் என்று ஊர் ஊராகப் போய் எழுத்து செதுக்கியவர். 1557-இல் பிரெஞ்சுக் கையெழுத்தையே அச்செழுத்தாக்கிக் காட்டினார். சிவிலிதே என்று அதற்குப் பெயர் நிலைத்தது. கையெழுத்தின் ஓட்டம் தெரிந்த அந்தக் கை, அவருடைய சாய்வெழுத்திலும் தெரிகிறது. அவர் செதுக்கியவற்றில் பல ஆண்ட்வெர்ப்பின் பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

1592-இல் பிராங்க்ஃபர்ட்டில் எகனால்ஃப்-பெர்னர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் ஒரு மாதிரித் தாள் வெளியிட்டது. எந்த எழுத்து காரமோனுடையது, எது கிரான்ஜோனுடையது என்று பெயர் போட்டே காட்டிய தாள் அது. இன்றைக்கு நாம் இருவரையும் பிரித்து அறிய முடிவதற்கு அந்த ஒரு தாள் பெரிய காரணம்.

இரண்டாம் படி: உங்களிடம் இருப்பது எந்த கேரமாண்ட்?

எழுத்துருப் பட்டியலில் கேரமாண்ட் என்று போட்டிருந்தாலே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பெயர்தான் ஒன்று. சாய்வெழுத்தில் வேறுபாடு இன்னும் அதிகம்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வரும் கேரமாண்ட், மோனோடைப் நிறுவனம் 1922-இல் கொண்டுவந்த வடிவத்தின் கணினிப் பதிப்பு. அதற்கு மூலம் காரமோன் செதுக்கியதே இல்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, செடான் என்ற ஊரில் ழான் ழானோன் என்ற அச்சாளர் செதுக்கிய எழுத்து. பாரிஸின் அரசு அச்சகத்தில் இருந்த அந்த எழுத்துகளை 19-ஆம் நூற்றாண்டில் காரமோனுடையவை என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள், உலகம் முழுவதும் அதையே நம்பியது. 1926-இல் பியட்ரிஸ் வார்ட் என்ற பெண்மணி, பால் போஜோன் என்ற ஆண் புனைபெயரில் எழுதிய கட்டுரையில் உண்மையை வெளிக்கொண்டு வந்தார். எழுத்தின் கோணத்தையும் வளைவையும் உற்றுப் பார்த்தே ஒரு பொய் வரலாற்றைத் திருத்த முடியும் என்று காட்டியவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த மோனோடைப் வடிவத்தின் சாய்வெழுத்தை எளிதில் அடையாளம் காணலாம். பெரிய எழுத்துகள் ஒரே கோணத்தில் சாயாது. ஒன்று அதிகமாகச் சாயும், பக்கத்தில் இருப்பது கொஞ்சமாகச் சாயும். நாலு வரி அழைப்பிதழில் இது துள்ளலாக அழகாக இருக்கும். நாற்பது பக்கத்துக்கு ஓடினால் கண்ணை உறுத்தும்.

அடோபி கேரமாண்டை ராபர்ட் ஸ்லிம்பாக் வடிவமைத்தார், 1989-இல் வந்தது. நேரெழுத்து காரமோனை ஒட்டியது, சாய்வெழுத்து கிரான்ஜோனை ஒட்டியது. அமைதியான, ஒழுங்கான சாய்வு. புத்தக வேலைக்கு நம்பி எடுக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியது.

ஈபி கேரமாண்ட், கெயார்க் டுஃப்னர் தொடங்கிய இலவச எழுத்துரு. ஈபி என்பது எகனால்ஃப்-பெர்னர். அந்த 1592 மாதிரித் தாள்தான் மூலம். பின்னர் ஒக்டாவியோ பார்தோ அதில் தடித்த எடைகளையும் சேர்த்தார். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சபோன் என்ற பெயரில் யான் ட்சிஹோல்ட் 1967-இல் கொண்டுவந்ததும் இதே குடும்பம். வரி வரியாக ஈய எழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் ஒரே பித்தளைத் துண்டில் நேரெழுத்துக்கும் சாய்வெழுத்துக்கும் குழி இருக்கும். அதனால் இரண்டும் ஒரே அகலத்தில் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் பிறந்ததால் சபோனின் சாய்வெழுத்து மற்றவற்றைவிட அகன்று, நிதானமாக இருக்கும். ஐடிசி கேரமாண்டும் ஒன்று உண்டு. அது விளம்பரத்துக்கான எழுத்து, இந்த வழிகாட்டிக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் பாருங்கள்

ஒரு வெற்றுப் பக்கத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்துகள் 26-ஐயும் ஈபி கேரமாண்டில் 72 பாயிண்டில் தட்டச்சு செய்யுங்கள். மேல் வரியில் நேரெழுத்து, கீழ் வரியில் சாய்வெழுத்து. அச்செடுத்து மேசையில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

முதலில் 'ஏ'. நேரெழுத்தில் அதற்கு இரண்டு அடுக்கு: கீழே ஒரு வயிறு, மேலே ஒரு கொக்கி. சாய்வெழுத்தில் கொக்கி போய்விடும், ஒரே வயிறுதான். கையால் வேகமாக எழுதும்போது யாரும் இரண்டு அடுக்கு போடுவதில்லை, அவ்வளவுதான் காரணம். அடுத்து 'எஃப்'. நேரெழுத்தில் அது வரியின்மேல் நிற்கும். சாய்வெழுத்தில் வரிக்குக் கீழே இறங்கி, வாலை இடப்பக்கம் வளைத்துக்கொள்ளும். தலையோ வலப்பக்கம் நீண்டு பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். இந்தத் தலை பின்னால் நமக்கு வேலை வைக்கும்.

'என்', 'எம்', 'யூ' எழுத்துகளின் கால்களைப் பாருங்கள். நேரெழுத்தில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் தட்டையான பாதம். சாய்வெழுத்தில் அந்தப் பாதம் இல்லை. பேனா உள்ளே வந்த இடத்தில் இடப்பக்கம் ஒரு சின்னக் கீற்று, வெளியே போகும் இடத்தில் வலப்பக்கம் ஒரு சின்னத் தூக்கல். அந்தத் தூக்கலைத் தொடர்ந்தால் அடுத்த எழுத்தின் கீற்றில் போய்ச் சேரும். எழுத்துகள் தொடாமலே தொடர்ந்து ஓடுவதுபோலத் தோன்றுவது இதனால்தான். 16-ஆம் நூற்றாண்டுச் சாய்வெழுத்துகளில் 'எச்' எழுத்தின் வலக்கால் உள்பக்கமாக மடங்கும். பழகாத கண்ணுக்கு அது 'பி' (b) போலத் தெரியும். நீங்கள் எடுத்த எழுத்துருவில் அது மடங்கியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

கடைசியாக 'அண்ட்' குறி. இதற்காகவே நான் இந்த எழுத்துருவைப் பலருக்குத் திறந்து காட்டியிருக்கிறேன். லத்தீனில் 'எத்' என்றால் 'மற்றும்'. அதன் 'ஈ' (e), 'டி' (t) இரண்டு எழுத்தும் ஒன்றாகி வந்த கூட்டெழுத்துதான் இந்தக் குறி. நேரெழுத்துக் குறியில் அந்த இரண்டையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாய்வெழுத்தில் 'ஈ' சுழித்துத் தொடங்குவதும் 'டி' குறுக்குக் கோட்டோடு முடிவதும் கண்ணெதிரே தெரியும். தலைப்பு நேரெழுத்தில் இருந்தாலும் இந்தக் குறியை மட்டும் சாய்வெழுத்திலிருந்து எடுத்துப் போடும் பழக்கம் வடிவமைப்பாளர்களிடம் நெடுநாளாக உண்டு. தாராளமாகச் செய்யலாம்.

இரண்டு வரிகளின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். சாய்ந்த வரி குறுகலாக முடியும்.

நான்காம் படி: போலிச் சாய்வைப் பிடியுங்கள்

சாய்வெழுத்து தனிக் கோப்பு. அது கணினியில் இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் நேரெழுத்தையே பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்துக் கொடுத்துவிடும், எதுவும் சொல்லாது. கண்டுபிடிக்க ஒரு நொடி போதும்: 'ஏ' எழுத்தைப் பாருங்கள். சாய்ந்தும் இரண்டு அடுக்கோடு இருந்தால் அது போலி. 'எஃப்' வரிக்குக் கீழே இறங்காமல் நின்றாலும் போலி.

ஒரு கல்லூரி மலருக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தபோது எனக்கு இது நடந்தது. அச்சகத்தில் கடைசி நிமிடத் திருத்தத்துக்காக மூலக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள். அவர்கள் கணினியில் நேரெழுத்துக் கோப்பு மட்டும் இருந்திருக்கிறது. கட்டுக் கட்டாக அச்சாகி வந்த மலரைப் பிரித்தேன். நூல் பெயர்கள் எல்லாம் இரண்டு அடுக்கு 'ஏ'வோடு சரிந்து நின்றன. வாசகர் யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கவே மனசு வரவில்லை. அன்றிலிருந்து அச்சகத்துக்கு எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் மட்டும்தான் அனுப்புகிறேன். மூலக் கோப்பு கட்டாயம் வேண்டும் என்றால் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து ஒரே ஃபோல்டராகக் கொடுங்கள்.

இணையப் பக்கம் என்றால் கூகுள் ஃபான்ட்ஸில் எடுக்கும்போது இட்டாலிக்கையும் டிக் செய்ய மறக்க வேண்டாம். பிரவுசர் தானாகச் சாய்ப்பதைத் தடுக்க, ஸ்டைல்ஷீட்டில் 'ஃபான்ட் சிந்தசிஸ்' என்ற அமைப்பை 'நன்' என்று வைக்கலாம். அப்போது கோப்பு வராவிட்டால் எழுத்து நேராகவே நிற்கும், தவறு உடனே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: அளவு

கேரமாண்டின் சின்ன எழுத்துகள் உயரம் குறைந்தவை. டைம்ஸ் நியூ ரோமன் 10 பாயிண்டில் தரும் தோற்றத்துக்கு இதில் 11 வேண்டும். புத்தகத்துக்கு 11 முதல் 12 பாயிண்ட், வரி இடைவெளி 14 அல்லது 15. திரையில் 18 பிக்சலுக்குக் கீழே போனால் சாய்வெழுத்தின் மெல்லிய கோடுகள் உடையும்.

ஆறாம் படி: எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது

ஆங்கிலத்தில் நூல், இதழ், திரைப்படம், கப்பல் ஆகியவற்றின் பெயர்கள் சாய்வெழுத்தில் வரும். அகராதியில் இன்னும் ஏறாத பிறமொழிச் சொற்களும் வரும். அறிவியல் பெயர்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். மாமரத்தின் பெயரான 'மாஞ்சிஃபெரா இண்டிகா' இரண்டு சொல்லும் சாயும், முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. அதற்குப் பின்னால் பெயரிட்டவரைக் குறிக்கும் 'எல்.' வந்தால், லின்னேயஸைச் சுட்டும் அந்த எழுத்து நேராக நிற்க வேண்டும். தாவரவியல் கட்டுரைகளில் இந்த 'எல்' சாய்ந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பத்தியில் ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமா? அதை நேரெழுத்துக்கு மாற்றுங்கள். தடித்த சாய்வுக்குப் போக வேண்டாம். கிரான்ஜோன் காலத்தில் தடித்த எழுத்து என்ற வழக்கமே இல்லை. பின்னால் சேர்த்த தடிமனில் அந்தக் கீற்றும் தூக்கலும் அடைபட்டுப் போகின்றன.

கவிதை, நூல்முகப்பு மேற்கோள், படக்குறிப்பு, சிறு முன்னுரை: இவற்றை முழுவதுமே சாய்வில் விடலாம், நன்றாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் தொடர்ந்தால் இன்றைய கண்ணுக்குக் களைப்பு.

வைக்கக் கூடாத இடங்களில் முதலாவது, எல்லாமே பெரிய எழுத்தாக வரும் வரி. இந்த எழுத்துருவின் உயிரே சின்ன எழுத்துகளில்தான். சின்ன எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை விரிப்பதும் வேண்டாம், கைகோத்து நடப்பவர்களைப் பிரித்து நிறுத்தியதுபோல ஆகிவிடும். தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, மருந்து அளவு போன்று ஒரு புள்ளி தவறினாலும் சிக்கல் வரும் இடங்களில் நேரெழுத்தே நல்லது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் மை பரவி மெல்லிய கோடுகள் மறையும். செய்தித்தாள் தாளிலும் அப்படியே.

ஏழாம் படி: இடித்துக்கொள்ளும் இடங்களைச் சரிசெய்யுங்கள்

'எஃப்' தலை எட்டிப் பார்க்கும் என்று சொன்னேன் அல்லவா? சாய்வில் இருக்கும் சொல் 'எஃப்' எழுத்தில் முடிந்து, உடனே நேரான அடைப்புக்குறியோ மேற்கோள் குறியோ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். திரையில் 100 சதவீதத்தில் தெரியாது, தாளில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். 'டி' (d) போன்ற உயரமான எழுத்தில் முடியும் சொல்லுக்கும் ஓரளவு இதே நிலைதான்.

தீர்வு எளிது. இரண்டுக்கும் இடையே கர்சரை வைத்து கெர்னிங்கை, அதாவது அந்த இரண்டு எழுத்துகளின் இடைவெளியை, கொஞ்சம் கூட்டுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 50-இல் தொடங்கி, தொடாமல் விலகும் வரை ஏற்றலாம். டெக் (TeX) என்ற பக்க அமைப்பு மென்பொருளில் தட்டச்சு செய்பவர்களுக்கு இட்டாலிக் கரெக்‌ஷன் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. சாய்ந்த சொல்லைச் சுற்றி வரும் அடைப்புக்குறிகளை நேராகவே விடுங்கள், வாக்கியம் நேரெழுத்தில் இருக்கும் வரை.

'எஃப்'பும் 'ஐ'யும் சேரும் இடத்தில் கூட்டெழுத்து தானாக வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் மென்பொருளின் ஓப்பன்டைப் பட்டியலில் லிகேச்சர்ஸ், அதாவது கூட்டெழுத்து அமைப்பு, அணைந்திருக்கும்.

எட்டாம் படி: அழைப்பிதழ், அட்டை

30 பாயிண்டுக்கு மேலே போகும்போது எழுத்துகளுக்கு இடையே இடைவெளி அதிகமாகத் தெரியும், சற்றே இறுக்குங்கள். இன்டிசைனில் எழுத்து இடைவெளியை 10 குறைத்தால் பெரும்பாலும் போதும். ஆண்டு, தேதி எண்களை ஓப்பன்டைப் பட்டியலில் ஓல்ட்ஸ்டைல் வகைக்கு மாற்றினால் எண்களும் சின்ன எழுத்துகளைப்போல ஏறி இறங்கி ஓடும். வாலும் சுழியும் நீட்டிய ஸ்வாஷ் பெரிய எழுத்துகளும் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும் ஒன்று வையுங்கள். ஒரு வரியில் இரண்டு வந்தால் வாலோடு வால் சிக்கும்.

ஒன்பதாம் படி: தமிழோடு சேர்த்து வைக்கும்போது

தமிழ் எழுத்துக்கு இப்படியொரு சாய்வு மரபு இல்லை. ஓலையிலும் எழுத்தாணியிலும் வளர்ந்த வடிவம் நம்முடையது. தமிழ் எழுத்துருக்களில் இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது பெரும்பாலும் தள்ளிச் சாய்த்த எழுத்துதான். 'ட', 'ப', 'ம' எல்லாம் விழப்போவதுபோல நிற்கும். ஆகவே தமிழ் வரியில் நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறியையோ வேறொரு தமிழ் எழுத்துருவையோ பயன்படுத்துங்கள். சாய்வை ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் வையுங்கள்.

அந்த ஆங்கிலச் சொல் தமிழ் வரிக்குள் சிறுத்துத் தெரியும். தமிழ் 11 பாயிண்ட் என்றால் கேரமாண்ட் இட்டாலிக் 12 அல்லது 12.5 வரை போகலாம். உங்கள் தமிழ் எழுத்துருவைப் பொறுத்துக் கண்ணால் முடிவு செய்யுங்கள். இதை ஒவ்வோர் இடத்திலும் கையால் செய்யாமல் ஒரு கேரக்டர் ஸ்டைலாகச் சேமித்துவிடுங்கள்.

இருமொழி வேலையில் அதிகம் தவறுவது வேற்றுமை உருபில்தான். ஆங்கில நூல் பெயருக்குப் பின்னால் '-இல்', '-ஐ', '-உக்கு' ஒட்டும்போது சிறுகோடும் சாய்ந்துவிடுகிறது. சாய்வு சொல்லோடு முடிய வேண்டும். சிறுகோடும் உருபும் தமிழ் எழுத்துருவில், நேராக, தமிழின் அளவில். சொல் 'எஃப்', 'டி' (d) எழுத்துகளில் முடிந்தால் சிறுகோட்டுக்கு முன்னும் ஏழாம் படியில் சொன்ன இடைவெளி வேண்டும்.

பத்தாம் படி: புரூஃப்

உண்மையான அளவில், முடிந்தால் அச்சாகப் போகும் அதே தாளில், நாலு பக்கம் அச்செடுங்கள். முதல் தடவை படிக்காமல் 'ஏ' எழுத்துகளை மட்டும் தேடிக்கொண்டு போங்கள். இரண்டாம் தடவை 'எஃப்' முடிவுகள், அடைப்புக்குறிகள். மூன்றாம் தடவை உருபுகளின் சிறுகோடுகள். அப்புறம் தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, சாய்ந்த சொற்கள் பக்கத்தில் எங்கெங்கே விழுகின்றன என்று பாருங்கள். நல்ல சாய்வெழுத்து அந்தத் தூரத்தில் கறுத்தும் தெரியக் கூடாது, வெளுத்தும் தெரியக் கூடாது. வரியின் நிறம் மாறாமல் நடை மட்டும் மாறியிருக்க வேண்டும். வெளுத்துத் தெரிந்தால் அரை பாயிண்ட் கூட்டி, அதே நாலு பக்கத்தை மறுபடி எடுங்கள்.